'கூடாது' என்ற சொல் அடுத்த பக்கம் போனால்

பம்புசெட் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். பார்த்திருப்பீர்கள். பாதி வீடுகளில் அது கடலை மடிக்கப் போய்விடும். மீதி வீடுகளில் வாரண்டி கார்டோடு பீரோவுக்குள் போய்ப் பத்திரமாக உறங்கும். கணபதிப் பக்கம் ஒரு பம்பு கம்பெனியில் அந்தப் புத்தகத்தைத் தயாரிக்கும் பிரிவில் நான் பதினாறு வருடம் வேலை பார்த்தேன். இஞ்சினியர்கள் இங்கிலீஷில் எழுதித் தருவதைத் தமிழாக்கி, கம்ப்யூட்டரில் ஏற்றி, பக்கம் கட்டி, அச்சாபீசுக்கு அனுப்ப வேண்டும். 2007-ல் ரிடையர் ஆகும் வரை இதுதான்.

இன்றைய பதிவு, அந்தப் பக்கங்களைக் கட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர் நிரலைப் பற்றியது. பயந்துகொண்டு பாதியில் ஓடிவிடாதீர்கள். கிணறு, மோட்டார், தென்னந்தோப்பு எல்லாம் வரும்.

1991-ல் நான் டிராயிங் செக்‌ஷனிலிருந்து அந்தப் பிரிவுக்கு மாற்றலாகிப் போனபோது அங்கே ஒரு 386 கம்ப்யூட்டர், யூனிக்ஸ் போட்டது, இருந்தது. அதில் எனக்கு முன்னால் இருந்தவர் சி மொழியில் எழுதிவைத்த ஒரு நிரல். மனிதர் அதை எழுதிவிட்டு வளைகுடாவுக்கு விமானம் ஏறிவிட்டார். விளக்கக் குறிப்பு என்று ஒரு வரி கிடையாது. வேலை செய்யும் விதம் எளிதுதான். சொல்ல வேண்டியதை வெறுமனே டைப் செய்துகொண்டே போக வேண்டும். ஒரு வரி புள்ளியில் ஆரம்பித்தால் அது நிரலுக்கு இடும் உத்தரவு. தலைப்புப் போடு, பத்தியை முடி, இங்கே படம் வை என்று. புள்ளி இல்லாத வரியெல்லாம் விஷயம். நிரல் சொற்களை எடுத்து வரியில் நிரப்பும், வரிகளை எண்ணும், பக்கம் நிறைந்தால் பக்க எண் போட்டுத் திருப்பும்.

இந்த முறை அவருடைய சொந்தச் சரக்கு அல்ல. யூனிக்ஸில் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, பெரிய கம்ப்யூட்டர் வாங்க மேலிடத்தில் காசு கிடைக்கவில்லை. ஆய்வகத்தின் பேட்டண்ட் பிரிவில் மனுக்களை டைப் அடிப்பது பெரும் பாடாக இருந்தது. வரிக்கு வரி எண் வேறு போட வேண்டும். அந்த வேலைக்கு வழி செய்து தருகிறோம் என்று சொல்லித்தான் இவர்கள் மெஷின் வாங்கினார்கள். அதற்குப் பயன்பட்ட நிரலின் பெயர் ராஃப். 1971 நவம்பர் 3 தேதியிட்ட முதல் யூனிக்ஸ் கையேட்டின் பக்கங்களையும் ராஃப் வகை நிரலே கட்டியது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம். 'மேன் பேஜ்' என்பார்கள். மேன் என்றால் ஆள் இல்லை, மேனுவல் என்பதன் சுருக்கம்.

அந்தப் பக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசியில் வரும் ஒரு தலைப்பு. 'பிழைகள்' என்று போட்டு, இந்தக் கட்டளையில் இன்னின்ன கோளாறு இருக்கிறது என்று எழுதியவர்களே எழுதி வைத்திருப்பார்கள். இதைப் பார்த்துவிட்டு நம் பம்பு புத்தகத்திலும் 'குறைகள்' என்று ஒரு தலைப்பு வைக்கலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நம்ம பம்புல குறைங்களா? ஊட்டுக்குப் போயி நல்லாத் தூங்கி எந்திரிச்சு வாங்க" என்றார்.

விஷயத்துக்கு வருகிறேன். 1994 ஏப்ரல், நல்ல வெயில். கிணத்துக்கடவுப் பக்கமிருந்து ஒரு விவசாயி, மோனோபிளாக் மோட்டாரை டெம்போவில் போட்டுக்கொண்டு கம்பெனிக்கே வந்துவிட்டார். வைண்டிங் கருகிப் போயிருந்தது. சர்வீஸ் ஆட்கள் பிரித்துப் பார்த்துவிட்டு, உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, வாரண்டியில் வராது என்று சொல்லிவிட்டார்கள். அவர் சண்டை போடவில்லை. மடியிலிருந்து புத்தகத்தை எடுத்து, இதை எழுதினவரைப் பார்க்க வேண்டும் என்றார். என்னிடம் அனுப்பி வைத்தார்கள்.

"ஏனுங்க, இது நீங்க எழுதினதுங்களா?"

"ஆமாங்க, உட்காருங்க."

"இந்த எடத்தப் படிங்க. எட்டாவது படிக்கிற பையன்தானுங்க படிச்சுச் சொன்னான். நான் ஒரு கொடம் ஊத்துனனுங்க. ஃப்யூஸ் போனதோட போச்சு. கைய வெச்சிருந்தா நான் இங்க வந்து பேசிட்டு இருக்க மாட்டேன்."

அவர் விரல் வைத்திருந்தது பக்கத்தின் கடைசி வரி. 'மோட்டார் அதிகமாகச் சூடானால் அதன் மேல் தண்ணீர் ஊற்றி ஆற்றக்' என்று இருந்தது. அதோடு பக்கம் முடிந்துவிட்டது. திருப்பினால் அடுத்த பக்கத்தில் பாதிக்குப் பம்பின் குறுக்குவெட்டுப் படம். படத்துக்குக் கீழே, யாருக்கும் சொந்தமில்லாதது போல, தனியாக ஒரு சொல்: 'கூடாது.'

நான் எழுதிக் கொடுத்த தாளில் வாக்கியம் முழுசாக, ஒரே இடத்தில்தான் இருந்தது. கட்டிய பக்கத்தில்தான் வெட்டுப்பட்டிருந்தது. அன்று மாலை நடந்த கூட்டத்தில் ஒருவர், "ஆற்றக் என்று க் போட்டிருக்கிறதே, அடுத்து ஏதோ வருகிறது என்று புரிய வேண்டாமா?" என்று கேட்டார். வல்லினம் மிகும் இடம் தெரிந்தவன்தான் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சலாம் என்று சட்டம் இருந்தால் அவர் சொன்னது சரி. அந்த விவசாயிக்குக் கம்பெனி செலவில் வைண்டிங் கட்டிக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த நாளிலிருந்து அந்த நிரலைப் பிரிக்க உட்கார்ந்தேன். கோளாறு என்ன என்று கண்டுபிடிக்க நான்கு நாள் ஆனது. நிரல் சொற்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, வரி நிறையும் வரை கையிலேயே வைத்திருக்கும். நிறைந்தால் பக்கத்தில் இறக்கும். பத்தியின் கடைசி வரி பெரும்பாலும் நிறையாது. பத்தி முடிந்தது என்று உத்தரவு வந்தால்தான் இறக்கும். நடுவில் படம் வை என்று உத்தரவு வந்தால், முதலில் கையில் இருப்பதை இறக்கிவிட்டுப் பிறகு படத்தைக் கவனிக்க வேண்டும். இது அப்படிச் செய்யவில்லை. படத்துக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்தது. இல்லை என்றதும் பக்கத்தைத் திருப்பிப் படத்தை வைத்தது. கையில் 'கூடாது' என்ற ஒற்றைச் சொல்லோடு அதுவரை நின்றுகொண்டிருந்து, படத்துக்குப் பிறகு இறக்கியது.

இரண்டு வரிகளை இடம் மாற்றினால் இந்தக் கோளாறு போய்விடும். மாற்றினேன், போனது. ஆனால் உள்ளே பார்த்த பிறகு அப்படியே மூடிவைக்க மனம் வரவில்லை. பக்கத்தில் இன்னும் எவ்வளவு இடம் பாக்கி என்ற கணக்கு நான்கு இடங்களில் நான்கு விதமாக எழுதப்பட்டிருந்தது. தலைப்புக்கு ஒரு கணக்கு, பட்டியலுக்கு ஒரு கணக்கு, படத்துக்கு ஒன்று, அட்டவணைக்கு ஒன்று. ஒன்று பக்க எண்ணுக்கு இடம் விட்டுக் கணக்குப் போட்டது, இன்னொன்று விடாமல் போட்டது. ஒரு வீட்டில் நான்கு பேர் நான்கு கடிகாரம் வைத்துக்கொண்டு ஒரே பஸ்ஸைப் பிடிக்கப் பார்ப்பது போல.

நான்கையும் ஒன்றாக்க வேண்டும். இந்த மாதிரி வேலைக்கு இப்போது 'ரீஃபாக்டரிங்' என்று பெயர் சொல்கிறார்கள். வெளியே பார்ப்பவனுக்கு எதுவும் மாறியிருக்கக் கூடாது, உள்ளே மட்டும் சீராக வேண்டும். குடியிருக்கும் வீட்டில் ஆட்களைக் கிளப்பாமல் பழைய வயரிங்கை மாற்றுவதற்குச் சமம். மேனேஜருக்கு இதைப் புரியவைக்க முடியவில்லை. "ஓடற வண்டிய எதுக்குங்க பிரிக்கறீங்க?" என்பதுதான் அவர் கேள்வி. ஓடுகிற வண்டி ஒருத்தரைக் கிட்டத்தட்டக் கொன்றிருக்கும் என்று சொன்னேன். சரி, ஆபீஸ் நேரம் முடிந்தபின் செய்யுங்கள் என்றார். மூன்று மாதம் சாயங்காலங்கள் போயின.

மாறவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? அப்போது எங்களிடம் பதினொரு புத்தகங்கள் இருந்தன. நிரலில் ஒரு மாற்றம் செய்ததும் பதினொன்றையும் அச்சடிப்பேன். பழைய தாளையும் புதிய தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பேன். எழுத்து எழுத்தின்மேல் உட்கார்ந்தால் சரி. இரட்டையாகத் தெரிந்தால் ஏதோ நகர்ந்திருக்கிறது. கண் வலிக்கும். ஆனால் அப்படிப் பார்த்ததில்தான் மிக முக்கியமானது கிடைத்தது. கணக்கை ஒன்றாக்கியபோது வேறு இரண்டு புத்தகங்களில் எழுத்து நகர்ந்தது. ஏன் என்று பார்த்தால், அங்கேயும் பழைய தாளில் எச்சரிக்கை வாக்கியங்கள் வெட்டுப்பட்டுத்தான் கிடந்தன. ஒன்று எர்த் கம்பியைப் பற்றியது. எர்த் இல்லாமல் இணைப்புக் 'கொடுக்கக்' ஒரு பக்கத்திலும் 'கூடாது' அடுத்த பக்கத்திலும். அந்தப் புத்தகங்கள் விற்பனைக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. துண்டுச் சீட்டு அச்சடித்து டீலர்கள் மூலமாக அனுப்பினோம். எத்தனை தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று கேட்காதீர்கள்.

இங்கிலீஷ் புத்தகத்தில் இந்த ஆபத்து இவ்வளவு கிடையாது என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவன் 'செய்யாதே' என்பதை வாக்கியத்தின் தலையிலேயே வைத்துவிடுகிறான். பாதியில் அறுந்தாலும் எச்சரிக்கை கையில் நிற்கும். நம் தமிழில் கடைசிச் சொல் வரும்வரை செய்யச் சொல்கிறார்களா, தடுக்கிறார்களா என்றே தெரியாது. கூடாது, வேண்டாம், இல்லை, அல்ல, முடியாது எல்லாம் வாலில் வருபவை. வால் அறுந்தால் அர்த்தம் தலைகீழ். அமெரிக்கக்காரன் எழுதிய முறையை அப்படியே எடுத்துத் தமிழுக்கு வைத்துக்கொண்டதில் இந்த ஒன்றை யாரும் யோசிக்கவில்லை.

ராஃப் குடும்பத்து நிரல்களில் 'நீட்' என்பதன் முதல் இரண்டு எழுத்தைப் புள்ளியோடு எழுதும் ஓர் உத்தரவு உண்டு. இதற்குக் கீழே இத்தனை வரி இடம் வேண்டும், இல்லாவிட்டால் பேசாமல் அடுத்த பக்கம் போய்விடு என்று பொருள். பிரியாத இடைவெளி என்று ஒன்றும் உண்டு; இரண்டு சொற்களுக்கு நடுவில் அதைப் போட்டால் வரி மாறினாலும் இரண்டும் சேர்ந்தே போகும். எங்கள் நிரலில் இரண்டுமே இல்லை. இரண்டையும் சேர்த்தேன். கூடவே தமிழுக்கென்று ஒரு விதி: மேலே சொன்ன வால் சொற்களின் பட்டியலைக் கொடுத்து, இவை முன்னால் இருக்கும் சொல்லைவிட்டுப் பிரியக் கூடாது, எச்சரிக்கைப் பத்தி எதுவும் இரண்டு பக்கத்தில் விழக் கூடாது என்று. பக்கத்தின் அடியில் சில சமயம் அசிங்கமாக வெற்றிடம் விழும். விழட்டும்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. அந்தக் காலத் தமிழ் எழுத்துருக்களில் 'கொ' என்பது ஒரு எழுத்தல்ல. கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. வரி ஓரத்தில் நீளமான சொல் வந்தால் நிரல் காலை மட்டும் கழற்றி அடுத்த வரிக்கு அனுப்பிவிடும். அதையும் ஒரு மாதிரி கட்டிப்போட்டேன். 1999-ல் கம்பெனி விண்டோஸுக்கு மாறி, பக்கம் கட்டுவதை வெளியே கொடுத்துவிட்டது. இந்த நிரல் யாருக்கும் வேண்டாம் என்றார்கள். மேனேஜரிடம் கேட்டு ஃபிளாப்பியில் எடுத்துக்கொண்டேன்.

யூனிக்ஸ் உலகத்திலும் இதே கதைதான் நடந்திருக்கிறது, இன்னும் பெரிய அளவில். ராஃபுக்குப் பிறகு அச்சுக்கோக்கும் இயந்திரத்துக்காக டிராஃப் என்ற நிரலை எழுதியவர் ஜோ ஒசன்னா. 1977-ல் அவர் இறந்துவிட்டார். நிரல் ஒரே ஒரு வகை இயந்திரத்துக்கு என்று எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் இல்லாத அந்த நிரலைப் பிறகு பிரையன் கெர்னிகன் கையில் எடுத்து, எந்த இயந்திரத்துக்கும் பொருந்தும்படி மாற்றியமைத்தார். எழுதிய ஆள் பக்கத்தில் இல்லாத நிரலைப் படிப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்காவது ஆள் வளைகுடாவில் உயிரோடு இருந்தார். 1990-ல் ஜேம்ஸ் கிளார்க் அதே வேலையைச் செய்யும் க்ராஃப் என்ற நிரலைப் புதிதாக எழுதி இலவசமாகவே கொடுத்தார். பெரும்பாலான லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் கையேட்டுப் பக்கங்களைக் கட்டுவது அதுதான். ஓபன்பிஎஸ்டி கூட்டத்தார் மட்டும் 2010 வாக்கில் அதை விட்டுவிட்டு, மேண்டாக் என்று சின்னதாக வேறொன்று வைத்துக்கொண்டார்கள்.

க்ராஃபைச் சில வருடங்களாகப் பிராண்டன் ராபின்சன் என்பவர் முன்னின்று உள்ளும் புறமும் சீர் செய்து வருகிறார். 2018 டிசம்பரில் வந்த பதிப்புக்குப் பின் 2023 ஜூலையில்தான் அடுத்த பெரிய பதிப்பு வந்தது. அதில் ஒரு சின்னக் கோடு பெரிய ரகளையாகிவிட்டது. இங்கிலீஷில் சொற்களை இணைக்கும் சிறு கோடும் கணக்கில் வரும் கழித்தல் குறியும் பார்க்க ஒன்று போலத்தான். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு. கட்டளைகளில் வர வேண்டியது கழித்தல் குறி. டிராஃப் காலத்து விதிப்படி, கழித்தல் வேண்டுமென்றால் எழுதுபவர் அதற்கென உள்ள அடையாளத்தோடு எழுத வேண்டும். சும்மா கோடு போட்டால் அது இணைப்புக் கோடு. பலர் அப்படி எழுதுவதில்லை. அதுவரை கையேட்டுப் பக்கங்களில் இரண்டையும் ஒன்றாகவே காட்டிச் சமாளித்து வந்தார்கள். புதிய பதிப்பு விதியை விதிப்படியே நடத்தியது. விளைவு, பக்கத்தைப் பார்த்துக் கட்டளையை அப்படியே எடுத்துப் போட்டால் கம்ப்யூட்டர் புரியவில்லை என்றது. டெபியன் போன்றவர்கள் தங்கள் பதிப்பில் பழையபடியே இருக்கட்டும் என்று மாற்றிவிட்டார்கள்.

எழுதுபவர்கள் ஒழுங்காக எழுத வேண்டும் என்று ராபின்சன் தரப்பு சொல்வதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் நான் டெபியன் கட்சி. புத்தகத்தைக் கையில் பிடித்திருப்பவனுக்கு விதி தெரியாது. வல்லினம் மிகும் இடம் தெரியாதது போலத்தான்.

இப்போது எதற்கு இதெல்லாம் என்றால், மச்சினன் மகன் கணபதியில் சின்னதாகப் பம்பு யூனிட் போட்டிருக்கிறான். "மாமா, தமிழ்ல ஒரு புக்கு போட்டுத் தாங்க, வெளிய கேட்டா காசு கட்டுபடியாகறதில்ல" என்றான். பழைய நிரலைத் தூசு தட்டினேன். இந்தத் தடவை எழுத்து யூனிகோடுக்கு மாற வேண்டும். 2010 ஜூனில் நம் கொடிசியாவில் செம்மொழி மாநாடு நடந்ததே, கூடவே தமிழ் இணைய மாநாடும் நடந்தது. யூனிகோடையும் டேஸ்-16 என்பதையும் தமிழக அரசு ஏற்றுக்கொண்டதும் அந்தச் சமயம்தான். அந்தக் கூட்டத்தில் நானும் சிக்கித் திணறி ஒரு பையும் இரண்டு நோட்டீசும் வாங்கி வந்தேன். ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு என்று நாங்கள் பட்ட பாடு யூனிகோடால் ஒழிந்தது உண்மை.

ஆனால் என் நிரலுக்கு அது புதுத் தலைவலி. 'கோயமுத்தூர்' என்பதில் நமக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் பதினொரு குறியீடு. குறியீட்டை எண்ணி இடம் ஒதுக்கும் நிரல், ஆறு எழுத்துக்குப் பதினொரு கட்டம் ஒதுக்கிவிடும். சரி, மேலே ஏறும் குறிகளுக்கு இடம் வேண்டாம் என்று சொல்லலாம் என்றால், யூனிகோடு பட்டியலில் புள்ளியும் 'கீ'யில் வரும் சுழியும் இடம் பிடிக்காத வகை, 'கி'யில் வரும் கொக்கி இடம் பிடிக்கும் வகை. அதை நம்பிப் போனால் 'கி'க்கு இரண்டு கட்டம், 'கீ'க்கு ஒரு கட்டம். நாம் எழுதுவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமா இருக்கிறது? கடைசியில் குறியீட்டை விட்டுவிட்டு, எழுத்து எங்கே முடிகிறது என்று பார்த்து, எழுத்துருவிலிருந்து முழு எழுத்தின் அகலத்தையே எடுத்துக்கொள்ளும்படி மாற்றினேன். பழைய கொம்பு, கால் கட்டுமானத்தை மொத்தமாகத் தூக்கிப் போட்டாயிற்று, நானூறு வரி குறைந்தது. வீட்டுக்காரம்மா, "ஏனுங்க, இன்னுமா அந்தப் புஸ்தகம் முடியல?" என்று தினம் கேட்கிறாள்.

இப்போது ஒப்பிட்டுப் பார்க்க ஜன்னல் வேண்டாம். இரண்டு பிரதிக்கும் என்ன வித்தியாசம் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது. முதல் சோதனைப் பக்கம் அந்தக் கிணத்துக்கடவு வாக்கியம்தான். பக்கத்தின் அடியில், படத்துக்கு முன்னால் வேண்டுமென்றே வைத்துப் பார்த்தேன். முழு வாக்கியமும் சேர்ந்து அடுத்த பக்கம் போய், படத்துக்கு மேலே உட்கார்ந்தது.

உதிரிப் பாகங்களின் அட்டவணை மட்டும் பாக்கி. கடைசிப் பக்கத்தில் 'குறைகள்' என்று தலைப்புப் போட்டு, இந்தப் பம்பு எவ்வளவு ஆழத்துக்குக் கீழே இழுக்காது, வோல்டேஜ் எவ்வளவு குறைந்தால் கிளம்பாது என்று எழுதி மருமகனிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "டீலர் என்ன சொல்லுவாங்களோ மாமா, தலைப்ப மட்டும் 'கவனிக்க வேண்டியவை'ன்னு மாத்திக்கலாமுங்களா?" என்றான். எழுதியிருப்பதில் ஒரு வரியும் எடுக்க மாட்டேன் என்ற நிபந்தனையில் சரி என்றிருக்கிறேன்.